முள் 40-இல் நின்றால் இரவு தாங்குமா?



நமது டிரஸ்டிலிருந்து மருத்துவ ஆக்சிஜன் சிலிண்டரை அமானத்தாக வாங்கிச் செல்லும் குடும்பத்தார் அநேகமாக எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "பாய், இது எத்தனை மணி நேரம் வரும்?" சிலிண்டரைக் கொண்டுவந்து மாட்டிக் கொடுக்கும் தம்பி ஒரு கணக்குச் சொல்லிவிட்டுப் போவார். அவர் போன பிறகு, இரவு ஒரு மணிக்கு, முள் பாதிக்குக் கீழே இறங்கிக் கிடக்கும்போது கேட்க ஆள் இருக்காது. பயம்தான் இருக்கும்.

அந்தப் பயத்துக்கு மருந்து பதினோராம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கிறது. நல்லியல்பு வாயுச் சமன்பாடு என்று பிள்ளைகள் படிக்கிறார்களே, அதுதான். வீட்டில் பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இந்தப் பாடத்தைப் படியுங்கள். கணக்கை அவரையே போடச் சொல்லுங்கள்.

முதலில் அடிப்படை. வாயு என்பது ஓயாமல் பறந்துகொண்டிருக்கும் நுண்ணிய மூலக்கூறுகளின் கூட்டம். நாம் உட்கார்ந்திருக்கும் அறையில் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறின் வேகம் சராசரியாக விநாடிக்கு 480 மீட்டர் அளவில் இருக்கிறது. ஒலியைவிட வேகம். இவை சிலிண்டரின் உட்சுவரில் இடைவிடாமல் மோதுகின்றன. அந்த மோதல்களின் மொத்தத் தள்ளுதலைத்தான் அழுத்தம் என்கிறோம். முள் காட்டுவது இதைத்தான்.

இனி மூன்று விஷயங்கள் எளிதில் பிடிபடும். அதே அளவு வாயுவைப் பாதி இடத்துக்குள் நெருக்கினால் சுவரில் மோதல்கள் இரட்டிப்பாகும், அழுத்தமும் இரட்டிப்பாகும். இதைக் கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஊற்றி அளந்து 1662-இல் வெளியிட்டவர் ராபர்ட் பாயில். ஒரு முனை மூடிய வளைந்த குழாயில் காற்றைச் சிறைப்படுத்தி, மறுமுனை வழியே பாதரசம் ஊற்றிக்கொண்டே போனார். இந்தப் பக்கத்தைவிட அந்தப் பக்கப் பாதரசம் ஏறத்தாழ 29 அங்குலம் உயர்ந்தபோது காற்றின் பருமன் சரிபாதியானது. 29 அங்குலப் பாதரசம் என்பது ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தமே. ஆக, அழுத்தம் இரண்டு மடங்கு, பருமன் பாதி. இரண்டாவது, வாயுவைச் சூடேற்றினால் மூலக்கூறுகள் வேகம் பெற்று இன்னும் பலமாக மோதும், அழுத்தம் கூடும். மூன்றாவது, அதே இடத்தில் இன்னும் அதிக வாயுவை அடைத்தாலும் அழுத்தம் கூடும். இந்த மூன்றையும் ஒரே வரியில் சேர்த்துக் கட்டியதுதான் 'பி × வி = என் × ஆர் × டி'. பி அழுத்தம், வி பருமன், என் வாயுவின் அளவு, டி வெப்பநிலை. ஆர் என்பது மாறாத ஓர் எண். பரீட்சைக்கு அது வேண்டும், நமது சிலிண்டர் கணக்குக்கு வேண்டாம்.

சிலிண்டர் எஃகு. அதன் உள்பருமன் மாறாது. வீட்டின் வெப்பநிலையும் பெரிதாக மாறுவதில்லை. அப்படியானால் மிச்சமிருப்பது அழுத்தமும் வாயுவின் அளவும் மட்டும். ஒன்று பாதியானால் மற்றதும் பாதி. அதனால்தான் ஆக்சிஜன் சிலிண்டரின் முள்ளை நம்பலாம்.

மணிக்கணக்கு

வீடுகளுக்கு நாம் கொடுக்கும் சிறிய சிலிண்டர் 'பி டைப்'. கறுப்பு உடம்பு, வெள்ளைத் தோள். அதற்குள் தண்ணீர் ஊற்றினால் 10 லிட்டர் பிடிக்கும். ஆளுயரத்துக்கு நிற்கும் 'டி டைப்' 46.7 லிட்டர் பிடிக்கும். இரண்டிலும் நிரப்பும்போது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 150 கிலோ அழுத்தத்தில் அடைக்கிறார்கள். வெளிக்காற்றின் அழுத்தம் அதே அளவீட்டில் ஏறத்தாழ 1. ஆகவே உள்ளே 10 லிட்டர் இடத்தில் அடைந்திருக்கும் ஆக்சிஜன், வெளியே வந்து நோயாளியின் மூக்குக்குப் போகும்போது 10 × 150, அதாவது 1500 லிட்டராக விரிகிறது. பெரிய சிலிண்டரில் இதே கணக்கு 7000 லிட்டர். கடையில் 'ஏழு கியூபிக்' என்று சொல்வது இதைத்தான்.

சூத்திரம் இவ்வளவுதான்: முள் காட்டும் எண்ணைச் சிலிண்டரின் லிட்டரால் பெருக்குங்கள். வருவதை, மருத்துவர் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வைக்கச் சொன்னாரோ அதனால் வகுங்கள். கிடைப்பது நிமிடங்கள். நிரம்பிய சிறிய சிலிண்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 750 நிமிடம், அதாவது பன்னிரண்டரை மணி நேரம். 5 லிட்டர் என்றால் 300 நிமிடம், ஐந்தே மணி நேரம்.

ஒரு திருத்தம் உண்டு. முள் பூஜ்யத்தைத் தொடும் வரை ஓட விடக்கூடாது. கடைசிக் கட்டத்தில் ஓட்டம் சீராக வராது, மாற்றுச் சிலிண்டர் மாட்டவும் நேரம் வேண்டும். ஆகவே முள் காட்டும் எண்ணில் 15-ஐ முதலில் கழித்துவிட்டு, மீதியைப் பெருக்குங்கள்.

இப்போது தலைப்பில் உள்ள கேள்விக்கு வருவோம். இஷா தொழுகை முடிந்து, இரவு 8 மணி. முள் 40-இல் நிற்கிறது. ஓட்டம் 2 லிட்டர். காலை 5 மணி ஃபஜ்ர் வரை, 9 மணி நேரம், தாங்குமா?

சிறிய சிலிண்டர் என்றால் 40-இல் 15 போக 25. அதை 10-ஆல் பெருக்க 250 லிட்டர். இரண்டால் வகுத்தால் 125 நிமிடம். பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு மாற்றியாக வேண்டும். பெரிய சிலிண்டர் என்றால் 25 × 46.7, சுமார் 1167 லிட்டர், 583 நிமிடம். ஒன்பது மணி நேரத்தைத் தாண்டியும் வரும். ஒரே முள், ஒரே 40. ஒரு வீட்டில் தூங்கலாம், இன்னொரு வீட்டில் உடனே ஃபோன் செய்தாக வேண்டும். "பக்கத்து வீட்டில் 40-இல் விடியும்வரை வந்ததே" என்று ஒப்பிட்டுப் பார்த்துத் தைரியமாக இருந்துவிடாதீர்கள் என்று நாம் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். முள் அழுத்தத்தை மட்டுமே சொல்லும். பருமன் எவ்வளவு என்று சிலிண்டரைப் பார்த்து நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

திருப்பியும் போட்டுப் பார்க்கலாம். 9 மணி நேரம் என்பது 540 நிமிடம், 2 லிட்டர் வீதம் 1080 லிட்டர். சிறிய சிலிண்டரில் அதற்கு முள் 108 வேண்டும், ஒதுக்கு 15 சேர்த்து 123. ஆக இஷாவுக்கு முள் 123-க்குக் கீழே இருந்தால், விடியும்வரை அந்த ஒரு சிலிண்டரை நம்பிப் படுக்க முடியாது. அப்போதே எங்களுக்குச் சொல்லிவிடுங்கள். இரவு இரண்டு மணிக்கு ஓடிவர எங்கள் பிள்ளைகள் தயங்குவதில்லை. ஆனால் எட்டு மணிக்கே தெரிந்தால் நோயாளிக்கு ஒரு நிமிடம்கூட இடைவெளி விழாது.

சிலிண்டருடன் நாம் தரும் அட்டையில் ஐந்து கட்டங்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஃபஜ்ர், ளுஹர், அஸர், மஃக்ரிப், இஷா. பாங்கு கேட்டதும் முள்ளைப் பார்த்து எழுதுங்கள். கடிகாரம் பார்த்து எழுதச் சொன்னால் மறந்துபோகும், பாங்கு மறக்காது. இரண்டு வக்துக்கு இடையே முள் எவ்வளவு இறங்கியது என்பது கணக்கோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். சிறிய சிலிண்டரில் 2 லிட்டர் ஓட்டத்தில் மணிக்கு 12 இறங்க வேண்டும். 20, 25 என்று இறங்கினால் எங்கோ கசிகிறது அல்லது ஓட்டம் கூடுதலாக வைக்கப்பட்டிருக்கிறது.

முள் வேகமாக இறங்குகிறதே என்று ஓட்டத்தைக் குறைத்து வைக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். ஓட்டம் மருத்துவரின் முடிவு. சிலிண்டரை மிச்சப்படுத்துவது நம் வேலை அல்ல, மாற்றுச் சிலிண்டரை நேரத்துக்குச் சேர்ப்பதுதான் நம் வேலை.

வெயிலும் முள்ளும்

"மத்தியானம் 150 இருந்தது, யாரும் தொடவே இல்லை, இரவு பார்த்தால் 143. லீக் ஆகிறது பாய்." கோடைக் காலத்தில் இப்படி ஃபோன் வருவதுண்டு. பெரும்பாலும் கசிவு எதுவும் இருக்காது. வேனில் வெயில் குடித்து வந்த சிலிண்டர் அறைக்குள் குளிர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

இதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் இங்கே பிள்ளைகள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 42 டிகிரியிலிருந்து 27 டிகிரிக்கு இறங்கியது என்றால் 42-ஐயும் 27-ஐயும் அப்படியே வகுக்கக் கூடாது. செல்சியஸ் அளவில் பூஜ்யம் என்பது தண்ணீர் உறையும் இடம். அங்கே வாயு மூலக்கூறுகள் நின்றுவிடுவதில்லை, நன்றாகவே பறந்துகொண்டிருக்கும். வாயுவைக் குளிர்விக்கக் குளிர்விக்க அழுத்தம் ஒரே சீராகக் குறைந்துகொண்டு போவதைக் கோடாக வரைந்து நீட்டினால், அது பூஜ்யத்தைத் தொடும் இடம் மைனஸ் 273 டிகிரி. அங்கிருந்து எண்ணத் தொடங்குவதுதான் கெல்வின் அளவு. ஆகவே 273-ஐக் கூட்ட வேண்டும். 42 டிகிரி என்பது 315 கெல்வின், 27 டிகிரி என்பது 300 கெல்வின். 150 × 300 ÷ 315 போட்டால் 143 வரும். ஒரு மூலக்கூறுகூட வெளியேறவில்லை. வேகம்தான் குறைந்திருக்கிறது.

இதே கணக்கு பயமுறுத்தவும் செய்யும். தீப்பிடித்த அறையில் சிலிண்டர் 327 டிகிரிக்குச் சூடானால் அது 600 கெல்வின். அழுத்தம் 150-லிருந்து 300 ஆகிவிடும். அந்தச் சூட்டில் எஃகின் பலமும் குறையும். சிலிண்டரை அடுப்படியில் வைக்காதீர்கள், மொட்டை மாடி வெயிலில் நிறுத்தாதீர்கள் என்பதற்கு இதுதான் காரணம்.

சமையல் கேஸ் மட்டும் ஏன் வேறு மாதிரி?

அடுப்படியில் இருக்கும் 14.2 கிலோ சிலிண்டருக்கும் இப்படி ஒரு முள் வைத்துவிட்டால் எப்போது தீரும் என்று தெரிந்துவிடுமே என்று பெண்கள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. பதில், தெரியாது.

அதற்குள் இருப்பது பெரும்பகுதி திரவம். புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம், அதற்கு மேலே கொஞ்சம் ஆவி. ஆவி வெளியேற வெளியேறத் திரவத்திலிருந்து புதிய ஆவி கிளம்பி அந்த இடத்தை நிரப்பிவிடும். அழுத்தம் திரவத்தின் வெப்பநிலையைப் பொறுத்ததே தவிர, எத்தனை கிலோ மிச்சம் என்பதைப் பொறுத்ததல்ல. முள் வைத்தாலும் 12 கிலோ இருக்கும்போதும் 1 கிலோ இருக்கும்போதும் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்டும். திரவம் தீர்ந்த பிறகு சடாரென்று விழும். ஆகவே இங்கே முள் உதவாது, தராசுதான் உதவும். சிலிண்டரின் மேல்பகுதியில் வெற்று எடை பொறித்திருக்கும். நிறுத்துப் பார்த்து அதைக் கழித்தால் மிச்சம் தெரியும். ஆக்சிஜன் சிலிண்டரில் சாதாரண வெப்பநிலையில் எவ்வளவு அழுத்தினாலும் திரவம் உண்டாகாது, உள்ளே முழுக்க வாயுதான். அதனால்தான் அங்கே முள்ளை நம்புகிறோம்.

வலீமா விருந்துக்குப் பெரிய தேக்சாவில் பிரியாணி இறங்கும்போது கவனித்திருப்பீர்கள். 19 கிலோ சிலிண்டர் வேர்த்துக் கொட்டும், சில சமயம் அடிப்பக்கம் பனி பூக்கும், தீ குறையும். திரவம் ஆவியாக வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தை அது தன்னிடமிருந்தும் சிலிண்டரிடமிருந்தும்தான் எடுக்கிறது. வேகமாக ஆவியானால் வெளியிலிருந்து வெப்பம் வந்து சேருவதற்குள் குளிர்ந்துவிடும். குளிர்ந்தால் அழுத்தம் குறையும். இந்த நேரத்தில் சிலிண்டரைக் கொதிநீர் அண்டாவில் இறக்குவதும் படுக்க வைத்து உருட்டுவதும் சில இடங்களில் இன்னும் நடக்கிறது. இரண்டுமே உயிரோடு விளையாட்டு. படுக்க வைத்தால் ஆவிக்குப் பதில் திரவமே வெளியே வரும். அது சுமார் 250 மடங்கு ஆவியாக விரியும். ரெகுலேட்டரும் குழாயும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. இரண்டு சிலிண்டர்களைத் தரமான இணைப்பில் சேர்த்துப் போட்டால் ஒவ்வொன்றிலும் ஆவியாகும் வேகம் பாதியாகும், வேர்வையும் நிற்கும். விருந்துச் செலவில் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வால்வைத் திறக்கும் கை

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுவதைப் பிள்ளைகள் அறிவார்கள். உராய்வு ஒரு சிறு பங்கு. பெரும்பகுதி, நாம் அழுத்தி உழைத்த உழைப்பு காற்றுக்குள் போய் அதன் அக ஆற்றலாக மாறியதால் வந்த சூடு. ஆற்றல் காணாமல் போவதில்லை என்ற வெப்ப இயக்கவியலின் முதல் விதி இதுதான். மெதுவாக அழுத்தினால் சூடு வெளியே கசிந்துவிடும். சட்டென்று அழுத்தினால் கசிய நேரமில்லை, முழுச் சூடும் வாயுவிலேயே தங்கும். டீசல் என்ஜினில் தீப்பொறி இல்லாமலே எரிபொருள் பற்றுவது இப்படித்தான்.

ஆக்சிஜன் சிலிண்டரின் வால்வைச் சட்டென்று முழுதும் திறந்தால் ரெகுலேட்டருக்குள் இதே நிகழ்ச்சி நடக்கிறது. அங்கே 1 என்ற அழுத்தத்தில் இருந்த சிறிது வாயுவை, பின்னால் பாய்ந்து வரும் 150 அழுத்தம் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் நசுக்குகிறது. வெப்பம் வெளியேறவே இல்லை என்று வைத்துக் கணக்கிட்டால் அந்தச் சிறு வாயுவின் வெப்பநிலை 900 டிகிரியைத் தாண்டுகிறது. நடைமுறையில் உலோகம் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் அந்த இடத்தில் ஒரு துளி எண்ணெய் இருந்தால் போதும். சுற்றிலும் தூய ஆக்சிஜன். பற்றிக்கொள்ளும்.

ஆகவே வால்வைச் சாவியால் மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும். முள் நிதானமாக ஏற வேண்டும். தலைக்கு எண்ணெய் தேய்த்த கை, பரோட்டாவுக்கு மாவு பிசைந்த கை, அத்தர் பூசிய கை எதுவும் வால்வில் படக் கூடாது. அத்தர் பெரும்பாலும் எண்ணெய்தான் என்பது நினைவுக்கு வருவதில்லை. சானிடைசர் தடவினால் நன்றாக உலர்ந்த பிறகு தொடுங்கள். வால்வு இறுக்கமாக இருக்கிறது என்று தேங்காய் எண்ணெய் விடவே கூடாது. எங்களைக் கூப்பிடுங்கள். நோயாளிக்கு மூக்கு வறண்டால் வாசலின் போன்ற கொழுப்புக் களிம்பு வேண்டாம், எதைத் தடவலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். வெள்ளி இரவு சாம்பிராணி போடும் வீடுகளில் அந்த அறையை மட்டும் விட்டுவிடுங்கள். போர்வையிலும் துணியிலும் ஆக்சிஜன் ஏறியிருக்கும், சிலிண்டரை மூடிய பிறகும் சற்று நேரம் நிற்கும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. 150 அழுத்தத்தில் ஆக்சிஜன் சரியான நல்லியல்பு வாயு அல்லவே என்று நீங்கள் கேட்பீர்கள். உண்மை. மூலக்கூறுகள் ஒன்றையொன்று சற்றே ஈர்ப்பதால், கணக்கில் வருவதைவிடச் சில விழுக்காடு கூடுதலாகவே ஆக்சிஜன் உள்ளே இருக்கும். அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் பிழை நோயாளிக்குச் சாதகமாகவே அமைகிறது. ஆகவே விட்டுவிட்டோம்.

மாலை வகுப்புப் பிள்ளைகளுக்கு மூன்று கணக்குகள். உம்மா வாப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போடுங்கள். மூன்றிலும் ஒதுக்கு 15-ஐக் கழிக்க மறக்க வேண்டாம். முதலாவது, சிறிய சிலிண்டர், ளுஹருக்கு முள் 90, ஓட்டம் 3 லிட்டர். எத்தனை நிமிடம் வரும்? இரண்டாவது, பெரிய சிலிண்டர், முள் 75, ஓட்டம் 4 லிட்டர். பகல் 1 மணிக்குத் தொடங்கினால் இரவு 12 வரை தாங்குமா? மூன்றாவது, 37 டிகிரியில் 124 காட்டிய முள், 27 டிகிரியில் எவ்வளவு காட்டும். அந்தச் சிறிய சிலிண்டர் அப்போது 2 லிட்டர் ஓட்டத்தில் எத்தனை நிமிடம் வரும்?

விடைகள்: 250 நிமிடம். சுமார் 700 நிமிடம் வரும், 12 மணி வரை தேவை 660, ஆகவே தாங்கும். முள் 120 காட்டும், 525 நிமிடம் வரும்.